சாத்தே: குச்சியில் கோர்ப்பது முதல் குச்சியை எண்ணுவது வரை

கறித்துண்டுகளைக் குச்சியில் கோர்த்துக் கரி நெருப்பில் சுடும் சாத்தே கருகினால் நெருப்பைத் திட்டுவோம், உள்ளே வேகாவிட்டால் கரியைக் குறை சொல்வோம். பெரும்பாலும் தப்பு அதற்கு முன்பே, வெட்டுப்பலகையில் நடந்து முடிந்திருக்கும். ஒரே குச்சியில் சுண்டைக்காய் அளவில் ஒரு துண்டும் எலுமிச்சை அளவில் ஒரு துண்டும் இருந்தால் எவ்வளவு கைதேர்ந்த சாத்தேக்காரராலும் அதை ஒரே பதத்தில் சுட முடியாது. அதனால் இந்தக் குறிப்பில் அடுப்புக்குப் போக நேரமாகும். முதலில் கத்தி.

இங்கே சொல்வது மலேசியா, சிங்கப்பூர் பக்கத்துச் சாத்தே. மலேசியாவில் சாத்தே என்றதும் கோலாலம்பூருக்குத் தெற்கே உள்ள காஜாங் நினைவுக்கு வரும். சிங்கப்பூரில் எஸ்பிளனேட் பக்கத்துச் சாத்தே கிளப் 1995இல் மூடப்பட்டது. இப்போது லாவ் பா சாட் சந்தையை ஒட்டிய பூன் டாட் ஸ்திரீட்டில் மாலையானதும் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு மேசை போடுகிறார்கள். புகையைப் பார்த்தே வழி கண்டுபிடித்துவிடலாம்.

அளவுகள் எல்லாம் ஒரு கிலோ எலும்பில்லாத இறைச்சிக்கு, அதாவது ஏறத்தாழ 50 குச்சிக்கு. திறந்த இல்ல உபசரிப்புக்கு 200 குச்சி வேண்டுமென்றால் நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். உப்பை மட்டும் முதலில் மூன்றரை மடங்கு போட்டு, ஒரு துண்டை வாணலியில் வாட்டி ருசி பார்த்தபின் மீதியைச் சேருங்கள்.

இறைச்சி

கோழி என்றால் தொடைக்கறிதான். நெஞ்சுக்கறி கொழுப்பில்லாதது, கரி நெருப்பில் நான்கே நிமிடத்தில் வறண்டு நார் நாராகிவிடும். எலும்போடு வாங்கினால் ஒன்றரைக் கிலோ வாங்குங்கள், எலும்பெடுத்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ தேறும். தோலைத் தூக்கிப் போடாதீர்கள், அது எதற்கு என்று பிறகு வருகிறது.

துண்டு இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை சென்டிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டர் கனம். ஆள்காட்டி விரலின் நுனிக்கணு அளவு என்று வைத்துக்கொள்ளலாம். கறியை அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்து லேசாக விறைக்க விட்டால் கத்தி வழுக்காது, துண்டும் சீராக விழும். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி என்றால் நார் ஓடும் திசையைப் பார்த்து அதற்குக் குறுக்கே வெட்டுங்கள். நாரோடு நீளவாக்கில் வெட்டினால் எவ்வளவு ஊறினாலும் கடைவாய்ப் பல்லுக்குத்தான் வேலை.

ஆட்டுக்கறியை மெத்தென்றாக்கப் பச்சை அன்னாசிச் சாறு சேர்ப்பதுண்டு. கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, சுடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன். அதற்கு மேல் போகக் கூடாது. அன்னாசியில் இருக்கும் நொதி இறைச்சியின் நாரையே கரைக்கும். இரவு முழுதும் விட்டால் காலையில் கையில் வருவது கறியல்ல, களி. டின்னில் வரும் அன்னாசியை ஊற்றிப் பயனில்லை, டின்னில் அடைக்கும்போது சூட்டில் அந்த நொதி செத்துவிடுகிறது.

அரைப்பு

சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு நான்கு பல், எலுமிச்சைப்புல் நான்கு தண்டு, லெங்குவாஸ் எனும் பேரரத்தை இரண்டு சென்டிமீட்டர் துண்டு, மஞ்சள் கிழங்கு ஒரு விரல் நீளம். எலுமிச்சைப்புல்லை எல்லோரும் செராய் என்றே கேட்டு வாங்குவார்கள். அதன் அடிப்பக்கத்து வெள்ளைப் பகுதி மட்டும், சுமார் பத்து சென்டிமீட்டர், அரைப்புக்குப் போதும். மேல்பக்கத்து இலைத்தண்டைத் தனியே எடுத்து வையுங்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது. மஞ்சள் கிழங்கு கிடைக்காவிட்டால் இரண்டு தேக்கரண்டி மஞ்சள் தூள்.

செராயை மெல்லிய வில்லைகளாக அரிந்த பிறகே அரவையில் போட வேண்டும். முழுசாகப் போட்டால் நார் அப்படியே நின்று, சுடும்போது கறிமேல் மயிர்போல் ஒட்டிக் கருகும். தண்ணீர் விடாதீர்கள். அரவை ஓடவில்லை என்றால் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விடலாம். தண்ணீர் விட்ட அரைப்பு கறியில் ஒட்டாது, வழிந்து கரியில் விழுந்து நெருப்பை அணைக்கும்.

அரைத்ததோடு வறுத்துப் பொடித்த மல்லி ஒரு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, சோம்பு ஒரு தேக்கரண்டி, உப்பு 12 முதல் 15 கிராம், சர்க்கரை 60 கிராம். இவ்வளவு சர்க்கரையா என்று கை தயங்கும். குறைக்காதீர்கள். சாத்தேயின் ஓரத்தில் மினுமினுப்பாக ஒட்டியிருக்கும் அந்தச் செம்பழுப்பு நிறம் சர்க்கரையிலிருந்து வருவது. ஆனால் கருகுவதும் அதனால்தான், ஆகவே 75 கிராமுக்கு மேல் போனால் கறி வேகுமுன் வெளிப்புறம் கசந்துவிடும். புளியோ எலுமிச்சையோ இந்த அரைப்பில் சேராது. புளிப்பு, தொட்டுக்கொள்ளும் கடலைக் குழம்பான குவாவில் இருந்தால் போதும்.

கையால் நன்றாகப் பிசறி, மூடி, குளிர்பெட்டியில் குறைந்தது ஆறு மணி நேரம். இரவு முழுதும் என்றால் இன்னும் நல்லது. 24 மணி நேரத்துக்கு மேல் உப்பு நீரை இழுத்துக் கறியை இறுக்கிவிடும்.

கோர்ப்பது

ஒரு காலத்தில் தென்னை ஈர்க்கில் கோர்த்தார்கள், இப்போது மூங்கில் குச்சி. 20 முதல் 23 சென்டிமீட்டர் நீளக் குச்சியே கைக்கு வசதி. தண்ணீரில் ஒரு மணி நேரமாவது ஊறட்டும். ஊறினாலும் நெருப்புக்கு நேரே இருக்கும் வெற்றுக் குச்சி எரியத்தான் செய்யும். ஊறவைப்பதால் கிடைப்பது சில நிமிட அவகாசம், அவ்வளவே. குச்சியைக் காப்பாற்றுவது கோர்க்கும் முறை.

குச்சிக்கு நான்கு துண்டு, மொத்தம் 20 கிராம். முதல் இரண்டு மூன்று குச்சிகளைத் தராசில் வைத்துப் பாருங்கள், பிறகு கையே தராசாகிவிடும். துண்டைப் பலகையில் படுக்க வைத்து அதன் நீளவாக்கில், நடுவில், தையல் ஊசிபோல் ஏற்றி இறக்கிக் குத்துங்கள். ஒரே குத்தாகக் குத்தினால் திருப்பும்போது குச்சி மட்டும் சுழலும், கறி அசையாது, ஒரு பக்கமே வெந்துகொண்டிருக்கும். நான்கில் மூன்றாவது துண்டாகக் கோழித் தோலை மடித்துக் குத்துங்கள். ஆட்டுக்கறி என்றால் கொழுப்புத் துண்டு. அந்தக் கொழுப்பு உருகி இருபக்கத்துக் கறியையும் நனைத்துக்கொண்டே இருக்கும், கீழே சொட்டுவது புகையாகி மேலே வாசம் ஏற்றும்.

கூர்முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம், கடைசித் துண்டுக்குள் மறைந்திருக்கட்டும். கோர்த்தபின் எல்லாவற்றையும் உள்ளங்கையில் வைத்து லேசாக அமுக்குங்கள். கனம் சமமாகும், துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருக்காது. இடைவெளி விட்டுக் கோர்ப்பது நாற்காலி போட்டு நெருப்பைக் கூப்பிடுகிற மாதிரி, குச்சி நடுவில் ஒடியும்.

மாட்டுக்கறியும் கோழியும் சேர்ந்து சுடப் போகிறீர்கள் என்றால் இந்தக் கட்டத்திலேயே அடையாளம் வையுங்கள். மஞ்சள் பூசி வெந்தபின் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். மாட்டுக்கறிக் குச்சியின் அடியை ஒரு சென்டிமீட்டர் வெட்டிக் குட்டையாக்கினால் போதும், அரை இருட்டிலும் விரலுக்குத் தெரியும்.

குவா

கடலைக் குழம்பைக் குவா என்றே சொல்வோம். இதை முந்தின நாளே செய்து வைக்கலாம், மறுநாள் ருசி கூடும்.

நிலக்கடலை 300 கிராம். தோலோடு வாங்கி வறுத்துத் தோல் நீக்குங்கள். சுருங்கிய, நிறம் மங்கிய, பூஞ்சை வாசம் அடிக்கிற கடலையை ஒன்றொன்றாகப் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சை பிடித்த கடலையின் நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. வறுத்த கடலையை விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும் ஓட்டி, ரவையைவிடப் பெரிய குருணையாக எடுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். ரொட்டியில் தடவுகிற கடலை வெண்ணெயைக் கரைத்து ஊற்றுவது குறுக்குவழிதான், ஆனால் பல்லில் கடிபடும் அந்தக் குருணை இல்லாத குவா சட்டினிபோல் இருக்கும்.

காய்ந்த மிளகாய் 20, விதை நீக்கி வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்தது. அதோடு சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு ஐந்து பல், செராய் மூன்று தண்டு, லெங்குவாஸ் மூன்று சென்டிமீட்டர். எல்லாம் சேர்த்து விழுதாக அரைத்து, 150 மில்லி எண்ணெயில் சிறு தீயில் வதக்க வேண்டும். பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் ஆகும். முதலில் விழுது எண்ணெயை எல்லாம் குடித்துவிடும். பொறுங்கள். பச்சை வாசம் போய், நிறம் கறுத்த சிவப்பாகி, குடித்த எண்ணெயைத் திரும்பக் கக்கி ஓரத்தில் பளபளவென்று நிற்கும். பெச்சா மிஞ்ஞாக் என்று மலாய்க்காரர்கள் சொல்வது இந்தப் பதத்தைத்தான். இது வருமுன் தண்ணீர் ஊற்றினால் குவா கடைசிவரை பச்சை வெங்காய வாசத்தோடே இருக்கும், சீக்கிரம் கெட்டும் போகும்.

இனி 700 மில்லி தண்ணீர், கடலைக் குருணை, தூளாக்கிய குலா மலாக்கா எனும் தென்னை வெல்லம் 100 கிராம், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டு 30 நிமிடம் கொதிக்கட்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். கடலை ஆறும்போது தண்ணீரை இழுத்துக் கெட்டியாகும், ஆகவே அடுப்பிலிருந்து இறக்கும்போது சாம்பாரைவிடச் சற்றே கெட்டியாக இருந்தால் போதும். அடுப்பிலேயே சரியான பதத்துக்கு வந்துவிட்டால் பந்தியில் களிமண்.

காஜாங் பக்கம் குவாவோடு அரைத்த மிளகாய்ச் சம்பல் தனியாக வரும், அவரவர் காரத்துக்குக் கலந்துகொள்ளலாம். குழந்தைகளும் தாத்தா பாட்டியும் வரும் விருந்துக்கு இந்த முறைதான் புத்திசாலித்தனம். சிங்கப்பூரில் ஹைனானியச் சீனர்கள் பன்றிக்கறிச் சாத்தேக்குக் குவாவின் மேல் அரைத்த அன்னாசி விடுவார்கள், அது வேறொரு குடும்பம்.

நெருப்பு

சாத்தே அடுப்பு ஒடுக்கமான தகரத் தொட்டி. உள் அகலம் பத்து முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர், நீளம் உங்கள் வசதி. கறி இருக்கும் பகுதி நெருப்புக்கு மேல், கைப்பிடி தொட்டிக்கு வெளியே. கம்பி வலை தேவையில்லை. வலையில் வைத்தால் சர்க்கரை ஒட்டிக்கொண்டு தோல் உரியும், கைப்பிடியும் சேர்ந்து எரியும். வீட்டில் அகலமான அடுப்புத்தான் இருக்கிறது என்றால் இரண்டு செங்கல்லை இணையாக வைத்துக் குச்சியைப் பாலம்போல் போடுங்கள்.

கரியில் பாக்காவ் மரக்கரிக்குப் பெயர் உண்டு. பேராக்கில் மாத்தாங் அலையாத்திக் காடுகளின் மரம், கோலா செபெத்தாங் சூளைகளில் வாரக்கணக்கில் வெந்து கரியாகிறது. அந்தக் காட்டில் 30 ஆண்டுச் சுழற்சியில் மரம் வெட்டி மீண்டும் நடுகிறார்கள். அடர்த்தியான கரி, சீக்கிரம் சாம்பலாகாது, பொறி குறைவு. அது கிடைக்காவிட்டால் எந்த நல்ல கட்டிக்கரியும் ஆகும். ஒன்றோடொன்று தட்டினால் கண்ணாடிபோல் கணீரென்று ஒலிக்க வேண்டும், மந்தமாக ஒலித்தால் ஈரம்.

மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைக்காதீர்கள், அந்த நாற்றம் சர்க்கரைப் பூச்சில் ஏறிவிட்டால் இறங்காது. பற்றியபின் 25, 30 நிமிடம் கழித்து மேலே வெள்ளைச் சாம்பல் படிந்ததும் பரப்புங்கள். ஒரு பக்கம் கனமாக, மறுபக்கம் மெலிதாக. கறி நிற்கும் உயரத்தில் உள்ளங்கையை நீட்டுங்கள். மூன்று நான்கு நொடி தாங்கினால் சரியான சூடு. இரண்டு நொடியிலேயே இழுத்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கரிக்கும் கறிக்கும் நடுவே ஆறு முதல் எட்டு சென்டிமீட்டர். வீட்டுக்குள்ளோ மூடிய கார் நிறுத்துமிடத்திலோ வேண்டாம், கரிப்புகையில் மணமில்லாத நச்சு வாயு இருக்கிறது.

குச்சிகளை நெருக்கமாக அடுக்கி, முதல் இரண்டு நிமிடம் தொடாதீர்கள். பிறகு திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம். இப்போதுதான் முன்பு எடுத்து வைத்த செராய்த் தண்டு. அதன் நுனியைக் கத்தியின் பின்புறத்தால் நசுக்கினால் நார் பிரிந்து தூரிகையாகிவிடும். நான்கு மேசைக்கரண்டி எண்ணெய், நான்கு மேசைக்கரண்டி தேங்காய்ப்பால், ஒரு தேக்கரண்டி சர்க்கரை கலந்து அதில் தோய்த்துக் கறிமேல் தடவுங்கள். பச்சைக் கறி ஊறிய அரைப்பையே தடவுவது பழக்கத்தில் இருக்கிறது. கடைசி நிமிடத்தில் தடவினால் அது வேகாமலே வயிற்றுக்குப் போகும், வேண்டவே வேண்டாம்.

தடவியதும் கொழுப்பு சொட்டித் தீ நாக்கு எழும்பும். குச்சிகளைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, மெலிதான பக்கத்துக்கு நகர்த்துங்கள். தண்ணீர் தெளித்தால் சாம்பல் கிளம்பிக் கறியில் அப்பிக்கொள்ளும். விசிறியை அடிக்கடி, சின்னச் சின்னதாக வீசுவது கரிமேல் மூடும் சாம்பலை ஓட்டத்தான். சும்மா வீசிக்கொண்டே இருந்தால் சூடு எகிறும்.

மொத்தம் ஆறு முதல் எட்டு நிமிடம். வெந்ததா என்று சாற்றின் நிறத்தை நம்ப முடியாது, மஞ்சள் எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும். கனமான துண்டு ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே கண்ணாடித் தன்மை போய் நார் தனித்தனியே தெரிய வேண்டும். சூடுமானி இருந்தால் கோழிக்கு 74 டிகிரி செல்சியஸ்.

200 குச்சிக்கு நேரக் கணக்கு: 60 சென்டிமீட்டர் தொட்டியில் ஒரு முறைக்கு 20 குச்சி, பத்து முறை, முறைக்கு எட்டு நிமிடம். கரி சேர்க்கிற நேரத்தையும் கூட்டினால் ஒன்றரை மணி நேரம். புதுக் கரியை நேரே தொட்டியில் கொட்டினால் சூடு விழுந்துவிடும், பக்கத்தில் தனியாகப் பற்றவைத்துச் சிவந்ததை மட்டும் மாற்றுங்கள். மூன்று கிலோ கரி போதும், நான்காவது கையிருப்பில் இருக்கட்டும்.

பந்தி

வேறு பண்டங்களும் இருந்தால் ஆளுக்கு ஆறு எட்டு குச்சி, சாத்தேதான் சாப்பாடு என்றால் பத்துப் பன்னிரண்டு. கூடவே வெள்ளரி, பெரிய வெங்காயம் பச்சையாக, அழுத்தின சோறு. அந்த அழுத்தின சோறான நாசி இம்பிட்டுக்குச் சோற்றைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்துத் தட்டத்தில் அமுக்கி, மேலே கனம் வைத்து ஆறு மணி நேரம் ஆறவிட்டு, நனைத்த கத்தியால் வெட்ட வேண்டும். தென்னோலைக் கெத்துப்பாட் கூடு முடைந்தால் அரிசி பாதிக்கூடுதான் நிறைய வேண்டும், நான்கு மணி நேரம் தண்ணீருக்குள் மூழ்கி வேகும்.

யார் வருகிறார்கள் என்பதை வைத்துத்தான் அடுப்பு. முஸ்லிம் நண்பர்களைத் தீபாவளிக்கு அழைத்திருந்தால் ஹலால் கடைக் கறி மட்டும் போதாது, பன்றிக்கறி சுட்ட அடுப்பும் இடுக்கியும் பக்கத்தில் வரக் கூடாது. புதுத் தொட்டி ஒன்று வாங்கிவிடுங்கள், அதைச் சொல்லியும் விடுங்கள். சொல்லாவிட்டால் கேட்கச் சங்கடப்பட்டுப் பேசாமல் வெள்ளரியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதேபோல் மாட்டுக்கறி தொட்ட செராய்த் தூரிகை கோழிக்கு வரக் கூடாது, நம் பெரியம்மா சித்தப்பா பார்வைக்கு முதலில் படுவது அந்தத் தூரிகைதான். இரண்டு தண்டு, இரண்டு கிண்ணம், தொட்டியில் இரண்டு பக்கம். புரட்டாசியில் விருந்து வைத்தால் புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பேயும் சோயாப்பால் கட்டியான தவுவும் கோர்த்து முதலில், சுத்தமான தொட்டியில் சுட்டு எடுத்துவிடுங்கள். கடலை ஒவ்வாத பிள்ளைகள் உண்டா என்று பெற்றோரிடம் முன்பே கேளுங்கள். குவா ஒரு சொட்டுப் பட்டாலும் சிலருக்கு ஆபத்து.

தெருக்கடையில் பத்துப் பத்தாகத்தான் சொல்வார்கள். குவா தீர்ந்தால் "பாங், தம்பா குவா!" (அண்ணே, இன்னும் குவா!) என்று குரல் கொடுத்தால் போதும், முகம் சுளிக்காமல் இன்னொரு கிண்ணம் வரும். அதை எதிர்பார்த்து வீட்டிலும் 50 குச்சிக்குச் சொன்ன குவாவைவிடக் கால் பங்கு கூடவே செய்யுங்கள். முதலில் தீர்வது எப்போதும் குவாதான். தட்டில் கிடக்கும் வெறும் குச்சியை எண்ணிக் காசு கேட்பது பழைய கடைகளின் கணக்கு. வீட்டிலும் அப்படி எண்ணிப் பார்த்தால் அடுத்த தடவைக்கு எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும்.

மிஞ்சிய குவா குளிர்பெட்டியில் நான்கு நாள் தாங்கும், சூடாக்கும்போது கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கிளறுங்கள். கோர்த்துச் சுடாத குச்சிகளை உறைபெட்டியில் ஒரு மாதம் வைக்கலாம், முந்தின இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, உறைந்தது இளகியபின் சுட வேண்டும். எரிந்து முடியாத கரியை மூடியுள்ள பிஸ்கட் டின்னில் போட்டு இறுக்கி மூடினால் அணைந்துவிடும், அடுத்த முறை அதுதான் முதலில் பற்றும். எண்ணி முடித்த குச்சிகளை அப்படியே குப்பைப் பையில் போட்டால் கூர்முனை கிழித்துக்கொண்டு வந்து தூக்குகிறவர் கையில் குத்தும். பழைய பால் டின் ஒன்றில் கூர் கீழே பார்க்க நிறுத்தி, மூடியைப் போட்டு எறியுங்கள்.